லேப் ரிப்போர்ட்டில் ஏறி இறங்கும் புரதங்கள்: செப்சிஸை ஓர் எண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?

வடகிழக்குப் பருவமழையில் வடசென்னையின் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் தேங்கிய தண்ணீர் வடியத் தொடங்கும்போது காய்ச்சல் காலம் தொடங்குகிறது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதுகிறார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, டெங்கு, மலேரியா, டைபாய்டுக்கான வைடால் ஆகியவற்றோடு சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதத்தின் பெயரும், நோயாளியின் நிலை சற்றுக் கவலை தருவதாக இருந்தால் புரோகால்சிடோனின் என்ற இன்னொரு புரதத்தின் பெயரும் அந்தச் சீட்டில் இடம்பெறுகின்றன. மறுநாள் கைபேசிக்கு வரும் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. 96 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, புரோகால்சிடோனின் 0.4 என்று இருக்கிறது. ஒன்று பல மடங்கு கூடுதல், மற்றொன்று கூடுதல்போலவும் இல்லாததுபோலவும் தோன்றும் ஓர் எண்.

குழப்பத்தைக் கூட்டுவது அந்த எண்ணின் கீழே அச்சிடப்பட்டிருக்கும் சிறிய அட்டவணை. 0.5-க்குக் கீழே இருந்தால் கடுமையான செப்சிஸுக்கு வாய்ப்புக் குறைவு, 2-க்கு மேலே இருந்தால் வாய்ப்பு அதிகம், 10-க்கு மேலே இருந்தால் மிக அதிகம் என்ற வகையில் அது எழுதப்பட்டிருக்கும். செப்சிஸ் என்ற சொல்லைப் பல குடும்பங்கள் மருத்துவர் வாயிலிருந்து கேட்பதற்கு முன்பே இந்த அட்டவணையில் படித்துவிடுகின்றன. படித்தவுடன் எழும் கேள்வி, இந்த எண் செப்சிஸ் இருக்கிறது என்கிறதா, இல்லை என்கிறதா என்பது. ஒற்றை எண்ணாக வைத்துப் பார்த்தால் இரண்டையுமே அது உறுதியாகச் சொல்வதில்லை. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

செப்சிஸ் என்பது எது?

"இன்ஃபெக்‌ஷன் ரத்தத்தில் கலந்துவிட்டது" என்பதுதான் மருத்துவமனை வராந்தாக்களில் செப்சிஸுக்கு வழங்கும் விளக்கம். இது பாதி மட்டுமே சரி. ரத்தத்தில் பாக்டீரியா இருப்பதற்குத் தனிப் பெயர் உண்டு, அது பாக்டீரிமியா. செப்சிஸ் உள்ள நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பிளட் கல்ச்சரில், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், எந்தக் கிருமியும் வளர்வதில்லை; ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் வளர்கிறது. நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ காலில் உள்ள புண்ணிலோ கிருமி தங்கியிருக்க, அதை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்வினை கட்டுமீறி, கிருமியே இல்லாத உறுப்புகளையும் பழுதாக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ்.

2016-இல் வெளியான, இன்று உலகெங்கும் பயன்படும் வரையறை இதையே சொல்கிறது: தொற்றுக்கு உடல் காட்டும் சீர்குலைந்த எதிர்வினையால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அளவில் உறுப்புகள் செயலிழப்பது. உறுப்புச் செயலிழப்பை அளக்க நுரையீரலின் ஆக்சிஜன் பரிமாற்றம், பிளேட்லெட் எண்ணிக்கை, கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிரூபின், ரத்த அழுத்தம், சுயநினைவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அல்லது சிறுநீர் அளவு ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் கூடினால் செப்சிஸ். இந்த ஆறில் சி.ஆர்.பி.யும் இல்லை, புரோகால்சிடோனினும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு முன் 1991-இல் வகுக்கப்பட்ட வரையறை வேறு மாதிரி இருந்தது. காய்ச்சல் அல்லது உடல் குளிர்தல், நாடித்துடிப்பு 90-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல், வெள்ளையணுக்கள் 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ் ஆகிய நான்கில் இரண்டு இருந்து, தொற்றும் இருந்தால் போதும். சாதாரண ஃப்ளூ காய்ச்சலோடு கிளினிக் மாடிப்படி ஏறி வந்தவருக்கும் இது பொருந்திவிடும். அந்த வலை மிகப் பெரியதாக இருந்ததால்தான், உண்மையான செப்சிஸைப் பிரித்துக் காட்டும் ஒரு ரத்தப் புரதம் கிடைக்காதா என்ற தேடல் அத்தனை வேகம் எடுத்தது.

தேடலுக்குத் தேவையும் இருந்தது. 2017-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி ஓராண்டில் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டது. 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள். உலகில் நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இது.

ரத்தத்தில் புரதம் ஏன் ஏறுகிறது?

1. கிருமியின் மேலுறையில் உள்ள சில மூலக்கூறுகளை உடலின் காவல் செல்கள் அடையாளம் காண்கின்றன. அந்தச் செல்கள் சைட்டோகைன் எனப்படும் தகவல் புரதங்களை வெளியிடுகின்றன. இன்டர்லூகின்-6 அவற்றில் முக்கியமானது. ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஏறிவிடும்.

2. இன்டர்லூகின்-6 கல்லீரலை எட்டியதும், கல்லீரல் தன் வழக்கமான உற்பத்தியை மாற்றிக்கொண்டு அவசரகாலப் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜென், ஃபெரிட்டின் ஆகியவை கூடுகின்றன. ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) கூடுவதும் பெரும்பாலும் ஃபைப்ரினோஜென் கூடுவதால்தான்.

3. சில புரதங்கள் குறைகின்றன. ஆல்புமின் அவற்றில் ஒன்று. அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 20 நாள்; ஆகவே நோய் தொடங்கிய மறுநாளே ஆல்புமின் சரிந்திருந்தால், அதற்கு உற்பத்திக் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் கசிந்து புரதம் வெளியேறுவதையும், ஏற்றப்பட்ட குளுக்கோஸ், சலைன் திரவங்களால் ரத்தம் நீர்த்துப்போவதையும் அது காட்டுகிறது.

4. உறுப்புகள் பாதிக்கப்படும்போது அவற்றிலிருந்து வேறு புரதங்கள் கசிகின்றன. இதயத்திலிருந்து டிரோபோனின், ரத்த உறைவின் சிதைவிலிருந்து டி-டைமர் என அந்தப் பட்டியல் நீள்கிறது.

இந்த நான்கிலும் பொதுவாக உள்ள ஒன்று, எந்தப் புரதமும் கிருமியிலிருந்து வருவதில்லை என்பது. எல்லாம் நோயாளியின் உடலே தயாரிப்பவை. தெருவில் கூச்சல் கேட்டால் கலவரமா கல்யாண ஊர்வலமா என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்ல முடியாததைப் போல, உடலை எதிர்வினைக்குத் தூண்டியது பாக்டீரியாவா, அறுவை சிகிச்சையா, தீக்காயமா என்பதை இந்தப் புரதங்கள் தாமாகப் பிரித்துச் சொல்வதில்லை. சில சற்றுக் கூடுதலாகப் பிரித்துக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

சி.ஆர்.பி.: பழையது, மலிவானது, மெதுவானது

1930-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை), நியூமோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பொருளோடு கலந்தபோது வீழ்படிவு உண்டாவதைக் கண்டார்கள். நோய் உச்சத்தில் இருந்தபோது உண்டான அந்த வீழ்படிவு, நோயாளி தேறிய பிறகு உண்டாகவில்லை. 'சி'-யோடு வினைபுரியும் புரதம் என்பதால் அதற்கு சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற பெயர் நிலைத்தது. நோய் தணியும்போது அது மறைகிறது என்பது முதல் ஆய்விலேயே தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

ஆரோக்கியமானவருக்குச் சி.ஆர்.பி. பெரும்பாலும் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கும். தொற்று தொடங்கி ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குப் பிறகே ஏறத் தொடங்கி, சுமார் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, 36 முதல் 50 மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 19 மணி நேரம். ஆகவே நடுக்கமும் காய்ச்சலுமாக மாலையில் விழுந்தவருக்கு இரவு ஒன்பது மணிக்கு எடுத்த சி.ஆர்.பி. இயல்பாக இருப்பதில் ஆறுதலடைய எதுவும் இல்லை. கல்லீரல் இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது.

இங்கே அலகு பற்றிய ஓர் எச்சரிக்கை தேவை, ஏனெனில் வீண் பீதியில் கணிசமான பங்கு இதிலிருந்தே வருகிறது. சில ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. பெரம்பூரில் ஓர் ஆய்வகம் கொடுத்த 9.6-உம், ராயபுரத்தில் இன்னோர் ஆய்வகம் கொடுத்த 96-உம் ஒரே அளவாக இருக்கலாம். ஒரே நாளில் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று நடுங்குவதற்கு முன், எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் பார்க்க வேண்டும். புரோகால்சிடோனினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்றாலும் லிட்டருக்கு மைக்ரோகிராம் என்றாலும் எண் மாறாது.

புரோகால்சிடோனின்: தைராய்டின் வேலையை உடல் முழுதும் செய்யும்போது

கால்சிடோனின் என்பது தைராய்டு சுரப்பியின் 'சி' செல்கள் சுரக்கும், 32 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோன். அதற்கு முந்தைய நிலையில் உள்ள, 116 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான வடிவம் புரோகால்சிடோனின். வழக்கமாகத் தைராய்டுக்குள்ளேயே அது வெட்டப்பட்டுவிடுவதால், ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராமுக்கும் குறைவாகவே தென்படும்.

பாக்டீரியா தொற்று கடுமையாகும்போது கல்லீரல், நுரையீரல், குடல், கொழுப்புத் திசு எனப் பல இடங்களில் உள்ள செல்கள் அதே புரதத்தைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. அவற்றிடம் அதை வெட்டிச் சுருக்கும் ஏற்பாடு இல்லாததால், வெட்டப்படாத வடிவமே ரத்தத்தில் குவிகிறது. தைராய்டு நீக்கப்பட்டவருக்கும் செப்சிஸில் இது ஏறுவது இதனால்தான். வைரஸ் தொற்றில் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா இந்த உற்பத்தியை அடக்கிவைக்கிறது, சி.ஆர்.பி.யைவிட இது பாக்டீரியாவைச் சற்று நன்றாகச் சுட்டிக்காட்டுவதற்கு அது ஒரு காரணம்.

1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தொற்று சந்தேகிக்கப்பட்ட 79 குழந்தைகளிடம் இதை அளந்து, கடுமையான பாக்டீரியா தொற்றில் இது மிக உயர்ந்திருப்பதையும், ஆன்டிபயாடிக் கொடுத்ததும் வேகமாகச் சரிவதையும் பதிவுசெய்தார்கள். இங்கும் முதல் ஆய்விலேயே இறக்கம் கவனிக்கப்பட்டுவிட்டது. ஏற்றம் 2 முதல் 4 மணி நேரத்தில் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது; அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். சிகிச்சை பலித்தால் நாளுக்கு ஏறக்குறைய பாதியாக அது குறைய வேண்டும் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

ஒரு நோயாளியின் ஐந்து நாள்

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு மாதிரி நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். காசிமேடு துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் ஐம்பது வயதுக்காரர். பத்தாண்டுகளாகச் சுகர் உண்டு. காலில் கெளுத்தி முள் ஏறிய இடம் இரண்டு நாளில் வீங்கிச் சிவந்து, இரவு எட்டு மணிக்குக் குளிர் நடுக்கம் வருகிறது. காலை ஆறு மணிக்கு அவசரப் பிரிவுக்கு வருகிறார். மூச்சு நிமிடத்துக்கு 28, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90, கேட்ட கேள்விக்கு மாற்றிப் பதில் சொல்கிறார். பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக்கும் திரவமும் ஏற்றி, காலில் உள்ள சீழை வெட்டி வெளியேற்றுகிறார்கள். அவருடைய எண்கள் இப்படிப் போகக்கூடும்:

1. முதல் நாள் காலை: சி.ஆர்.பி. 38, புரோகால்சிடோனின் 6.2
2. இரண்டாம் நாள்: சி.ஆர்.பி. 190, புரோகால்சிடோனின் 18
3. மூன்றாம் நாள்: சி.ஆர்.பி. 240, புரோகால்சிடோனின் 11
4. நான்காம் நாள்: சி.ஆர்.பி. 210, புரோகால்சிடோனின் 5.5
5. ஐந்தாம் நாள்: சி.ஆர்.பி. 150, புரோகால்சிடோனின் 2.8

முதல் நாள் சி.ஆர்.பி. 38 என்பது சாதாரணத் தொண்டைப் புண்ணிலும் வரக்கூடிய எண்; ஆனால் ஆள் அபாயக் கட்டத்தில் இருக்கிறார். மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து, ரத்த அழுத்தம் சரியாகி, இட்லி கேட்கும்போது சி.ஆர்.பி. உச்சத்தில் நிற்கிறது. அந்த ஒற்றை ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கும் உறவினருக்கு நோய் முற்றிவிட்டதாகத் தோன்றும். புரோகால்சிடோனின் அன்றே இறங்கத் தொடங்கிவிட்டது. ஐந்தாம் நாள் 2.8 என்பது, அட்டவணைப்படி இன்னும் 'வாய்ப்பு அதிகம்' என்ற கட்டத்தில்தான் விழுகிறது. ஆனால் உச்சமான 18-இலிருந்து 80 சதவீதத்துக்கும் மேல் இறங்கியாகிவிட்டது. அட்டவணையைவிட இந்த இறக்கமே மருத்துவருக்குப் பயன்படும் செய்தி.

மக்கள் இந்தப் பரிசோதனைகளைத் தேடி ஓடுவது முதல் நாளில். அவை அதிகம் உதவுவதோ நான்காம் ஐந்தாம் நாளில். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதல் நாளில் ஏன் கைவிடுகிறது: ஒரு கணக்கு

2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், செப்சிஸ் உள்ளவர்களில் 77 சதவீதம் பேரைப் புரோகால்சிடோனின் சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 79 சதவீதம் பேரை இல்லை என்று சரியாக விலக்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை ஒரு மழைக்காலக் காய்ச்சல் கூட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 100 பேருக்குச் செப்சிஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் 77 பேருக்கு எண் உயர்ந்திருக்கும். 23 பேர் நழுவிவிடுவார்கள். செப்சிஸ் இல்லாத 900 பேரில் 189 பேருக்கும் எண் உயர்ந்திருக்கும். ஆக, உயர்ந்த எண்ணோடு நிற்பவர்கள் 266 பேர். அவர்களில் உண்மையான செப்சிஸ் 77 பேருக்குத்தான், அதாவது பத்தில் மூன்று பேருக்கும் குறைவு. அதே பரிசோதனையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், 1,000 பேரில் 500 பேருக்குச் செப்சிஸ் உள்ள இடத்தில் செய்தால், உயர்ந்த எண் உள்ள 490 பேரில் 385 பேருக்கு உண்மையிலேயே செப்சிஸ் இருக்கும். பரிசோதனை மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது. ஆரம்ப அறிகுறிகள் பெரிதாக இல்லாதவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று பேக்கேஜில் சேர்த்துச் செய்யும் புரோகால்சிடோனின், சி.ஆர்.பி.யைவிடப் பல மடங்கு விலை கொடுத்தும், அறிவைவிடப் பயத்தையே அதிகம் தருவது இதனால்தான்.

நழுவிய அந்த 23 பேரின் நிலை இன்னும் மோசம். எண் குறைவு என்று ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைத்தால் விலை உயிர். செப்சிஸ் சிகிச்சைக்கான 2021-ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதல், ஆன்டிபயாடிக்கை எப்போது தொடங்குவது என்பதை முடிவுசெய்யப் புரோகால்சிடோனினைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலை இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். அதிர்ச்சி இல்லாமல் செப்சிஸ் சந்தேகம் மட்டும் இருந்தால், வேறு காரணங்களை வேகமாகச் சோதித்துவிட்டு, சந்தேகம் தீராவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் போக வேண்டும். தெருமுனை மையத்தில் எடுத்த ரத்தம் வண்டியேறி மெயின் லேபுக்குப் போய் ரிப்போர்ட்டாகத் திரும்புவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.

அந்த நேரத்தில் பார்க்க வேண்டியவை படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன: மூச்சு வாங்குதல், புதிதாக வந்த குழப்பம் அல்லது மயக்கம், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிட்டு நிறம் மாறுதல், ரத்த அழுத்தம் சரிதல். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் லாக்டேட்டின் அளவும் ரத்தத்தில் முக்கியமானது. அது புரதம் அல்ல என்பதால் இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் செப்டிக் ஷாக் என்பதன் வரையறைக்கு உள்ளேயே அது இருக்கிறது. போதிய திரவம் ஏற்றிய பிறகும் லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் நின்று, ரத்த அழுத்தத்தைத் தாங்க மருந்தும் தேவைப்பட்டால் அது செப்டிக் ஷாக்.

எண் ஏமாற்றும் இடங்கள்

வடசென்னையின் நோய்ச் சூழலில் இவை அடிக்கடி எதிர்ப்படக்கூடியவை:

1. மலேரியாவில் பாக்டீரியா இல்லாமலேயே புரோகால்சிடோனின் ஏறும். தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலிலும் ஏறும். அது பாக்டீரியா நோய்தான் என்றாலும் வழக்கமான பிளட் கல்ச்சரில் அந்தக் கிருமி வளராது. எண் மட்டும் உயர்ந்து, கல்ச்சர் வெறுமையாக இருப்பதைப் பார்த்து ஆன்டிபயாடிக்கை மேலும் மேலும் வலுவாக மாற்றிக்கொண்டே போகும் ஆபத்து இங்கே உண்டு.

2. காசநோயில் நேர்மாறு. அதுவும் பாக்டீரியாதான், சி.ஆர்.பி. ஏறும், புரோகால்சிடோனின் பலருக்குக் குறைவாகவே இருக்கும். சுவருக்குள் அடைபட்ட சீழ்க்கட்டியிலும் அப்படியே. தொடக்கத்தில் சொன்ன 96-உம் 0.4-உம் சேர்ந்து வரும் ரிப்போர்ட் வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம், இன்னும் ஏறத் தொடங்காத செப்சிஸாகவும் இருக்கலாம்.

3. பிறந்து முதல் இரண்டு நாளில் ஆரோக்கியமான குழந்தைக்கும் புரோகால்சிடோனின் இயல்பாகவே உயரும். பெரியவர்களுக்கான அட்டவணையைப் பச்சிளம் குழந்தையின் ரிப்போர்ட்டில் வைத்துப் படிப்பது தவறு.

4. பெரிய அறுவை சிகிச்சை, விபத்துக் காயம், தீக்காயம் ஆகியவற்றின் முதல் ஓரிரு நாளில் தொற்று இல்லாமலேயே இரண்டும் ஏறும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அடிப்படை அளவே சற்று உயர்ந்து நிற்கும்.

5. கல்லீரல் மிக மோசமாகப் பழுதுபட்டவருக்குச் சி.ஆர்.பி. ஏற வேண்டிய அளவு ஏறாது. அதைத் தயாரிக்க வேண்டிய உறுப்பே தளர்ந்திருக்கிறது.

6. மருந்து எண்ணை அடக்கலாம். கொரோனா காலத்தில் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் என்ற பெயர்கள் ராயபுரம் முழுக்கப் புழங்கின. அப்போது சிலருக்குக் கொடுக்கப்பட்ட டோசிலிசுமாப், இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குச் சொல்லும் கட்டளையையே தடுத்துவிடும் மருந்து. அதன் பிறகு சி.ஆர்.பி. சரிவது மருந்து வேலை செய்கிறது என்பதைக் காட்டுமே தவிர, தொற்று தணிந்தது என்பதைக் காட்டாது. புதிதாகப் பாக்டீரியா தொற்று சேர்ந்தாலும் அந்த எண் அசையாமல் கிடக்கலாம்.

நிறுத்துவதற்கான சாட்சி

புரோகால்சிடோனினுக்கு உறுதியான ஆதாரம் இருப்பது ஆன்டிபயாடிக்கை நிறுத்தும் முடிவில். நெதர்லாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 1,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அளவு உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ 0.5-ஐத் தொட்டாலோ மருந்தை நிறுத்தலாம் என்று மருத்துவர்களுக்கு ஆலோசனை தரப்பட்டது. மருந்து நாள்கள் 7-இலிருந்து 5 ஆகக் குறைந்தன. 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 25 சதவீதம், புரோகால்சிடோனின் பிரிவில் 20 சதவீதம். பிரிட்டனில் 2,760 நோயாளிகளிடம் நடந்து 2024 டிசம்பரில் வெளியான ஆய்வில் பலன் இதைவிடச் சிறியது: 10.7 நாள் 9.8 நாளாகக் குறைந்தது, பாதுகாப்பில் குறை ஏற்படவில்லை. அதே ஆய்வில் சி.ஆர்.பி.யை வைத்து முடிவெடுத்த பிரிவில் நாள்கள் குறையவில்லை.

ஒரு நாள் குறைவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் மலிந்த நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ஒவ்வொரு கூடுதல் ஆன்டிபயாடிக் நாளும் அடுத்த கட்டிலில் படுப்பவருக்கும் சேர்த்தே கடன் ஏற்றுகிறது என்பதால் இதை நான் சிறியதாக எண்ணவில்லை. ஆனால் இந்த விதி எல்லாத் தொற்றுக்கும் பொருந்தாது. இதய வால்வுத் தொற்று, எலும்புத் தொற்று, ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்த நிலை ஆகியவற்றில் எண் இறங்கினாலும் வாரக்கணக்கில் மருந்து தொடர வேண்டும்.

மற்ற புரதங்கள்

செப்சிஸுக்கான குறியீடுகளாக 258 பொருள்கள் ஆராயப்பட்டிருப்பதை 2020-இல் ஒரு தொகுப்பாய்வு எண்ணிச் சொன்னது. எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருப்பதே, எதுவும் தனியாகப் போதவில்லை என்பதற்கு அடையாளம். இன்டர்லூகின்-6 முதலில் ஏறுகிறது, முதலில் இறங்கியும்விடுகிறது. ஜப்பானில் கண்டறியப்பட்ட பிரிசெப்சின், காவல் செல்களின் மேலுள்ள ஓர் ஏற்பியிலிருந்து உடைந்து வரும் துண்டு. சிறுநீரகம் பழுதானால் அதுவும் தானாகவே கூடும். புரோ-அட்ரினோமெடுலின் என்பது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஹார்மோனின் முன்வடிவத்திலிருந்து வரும் துண்டு. தொற்று இருக்கிறதா என்பதைவிட, யார் மோசமாகப் போகிறார் என்பதைச் சொல்வதில் அது திறமை காட்டுகிறது.

இங்கே புரதம்-சி என்ற ஒன்றின் (இது சி.ஆர்.பி. அல்ல) கதை தனியாகச் சொல்லத் தக்கது. ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் இந்தப் புரதம் செப்சிஸில் சரிகிறது. அதிகம் சரிந்தவர்களே அதிகம் இறக்கிறார்கள். அப்படியானால் அதை ஊசியாக ஏற்றினால் பிழைப்பார்கள் அல்லவா என்ற எண்ணத்தில் தயாரான மருந்துக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னர் நடந்த பெரிய சோதனையில் பலன் தென்படவில்லை. 2011 அக்டோபரில் உற்பத்தி நிறுவனமே மருந்தை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. நோயோடு சேர்ந்து ஏறி இறங்கும் பொருள் நோய்க்குக் காரணமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

மருத்துவமனை மாறும்போது

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு சிறிய நர்சிங் ஹோமில் இரண்டு நாள் இருந்துவிட்டு, நிலைமை மோசமானதும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும் நோயாளிகள் உண்டு. அப்போது கையில் இருக்க வேண்டியவை மூன்று:

1. இதுவரை எடுத்த எல்லா ரிப்போர்ட்டும், ரத்தம் எடுத்த தேதியும் நேரமும் அலகும் தெரியும்படி. ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி மாறுவதால், ஆய்வகத்தின் பெயரும் தேவை.

2. முதல் ஆன்டிபயாடிக் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, என்ன மருந்து என்ற விவரம்.

3. அதற்கு முன் பிளட் கல்ச்சர் எடுக்கப்பட்டதா என்ற தகவல். ஊசிக்குப் பிறகு எடுத்த கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

முன்னே பார்த்த காசிமேட்டுக்காரர் மூன்றாம் நாள் பழைய ரிப்போர்ட்டுகள் இல்லாமல் இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருந்தால், அங்கே அவருக்குக் கிடைக்கும் முதல் எண் 11. அது 18-இலிருந்து இறங்கி வந்த 11-ஆ, 6-இலிருந்து ஏறி வந்த 11-ஆ என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. உச்சம் தெரியாத நிலையில் 80 சதவீத இறக்கத்தை எதிலிருந்து கணக்கிடுவது என்பதும் தெரியாது.